அண்மையில் நீக்கப்பட்டவை

போன தீபாவளிக்கு மறுநாள்
நகல் எடுக்கும் இயந்திரம் படுத்துவிட்டது.
பழுது பார்க்க எண்ணூறு வெள்ளி என்றான் கடைக்காரன்.
மேலாளர் மிஸ்டர் ஊய் என் கைப்பேசியைப் பார்த்தார்.
“ஒன்னோட கேமரா நல்லா இருக்கே, குணாளா.”

அன்றிலிருந்து
சூலியா தெருவின் இந்த இருபத்திரண்டு அறைக்கு
வருகிறவர் முகமெல்லாம்
என் சட்டைப்பையில்தான் முதலில் தங்குகிறது.

மகளுக்குப் பால்பல் விழுந்த படம்.
பத்து பஹாட் லாரி ஓட்டுநரின் அடையாள அட்டை.
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் மனைவி.
ஒரு ஜெர்மன்காரரின் கடப்பிதழ்.
மாமியாரின் சர்க்கரை அளவு எழுதிய சீட்டு.
தேனிலவுக்கு வந்த இருவர், இரண்டு அட்டையும்
உரசிக்கொண்டு.

பன்னிரண்டு எண்கள்.
முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்,
கடைசி எண் ஒற்றையென்றால் ஆண்.
இந்த இரவு வேலையில் பாதிச் சோசியனாகிவிட்டேன்.
“பேராக்கா? கடக ராசியா?” என்பேன்.
சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள்,
சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

எதுக்கு என்று கேட்டவள் ஒருத்திதான்.
பெயரை இங்கே எழுதமாட்டேன்.

மழை. இரவு பதினொன்றரை.
தோளில் தூங்கும் பையன்,
கையில் டைனோசர் போட்ட அவன் பள்ளிப்பை,
அதில் பிதுங்கும் துணிகள்.
அட்டையை மேசையில் வைத்தாள், கையை எடுக்கவில்லை.
முகவரியின் மேல் அவள் கட்டைவிரல்.
“இது ஒங்களுக்கு எதுக்கு?”
ரூல்ஸ் என்றேன்.
எந்த ரூல்ஸ் என்று அவள் கேட்டிருந்தால்
எனக்கும் தெரியாது.
“காகிதம்னா குறுக்கே ரெண்டு கோடு போட்டு
விடுதிக்கு மட்டும்னு எழுதிக் கொடுப்பேன்.
போன்ல எங்க கோடு போடுறது?”

விரலோடு சேர்த்தே எடுத்தேன்.

காலை ஆறரைக்குக் கீழே வந்தாள்.
“அழிச்சிடுங்க. என் கண்ணு முன்னால.”
அழித்தேன். படம் சுருங்கி மறைந்தது.
நன்றி என்றாள்.
பையன் பிஸ்கட்டை என் பேனாவோடு சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தான்.
நான் சொல்லவில்லை:
அழித்த படம் முப்பது நாள்
பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும்.

அதற்கு மூன்றாம் நாள் இரவு ஒருவர் வந்தார்.
இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல்.
“அண்ணே, வீட்டுக்காரி இங்க தங்குனாளா?
பையனுக்குக் காய்ச்சல், மருந்த மறந்துட்டுப் போயிட்டா.”
கேட்காமலேயே தன் அட்டையை நீட்டினார்.
அதனடியில் மடித்த ஐம்பது வெள்ளி.
முகவரியின் கடைசி வரியில்
அன்று விரல் மறைக்காமல் விட்ட
அந்த ஒரு சொல்.

“அப்படி யாரும் வரலண்ணே.”
வெள்ளியைத் தள்ளினேன்.
அவர் உடனே போகவில்லை.
சுவரிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
பிறகு மழைத்தண்ணீரை மிதிக்காமல், சுற்றிக்கொண்டு போனார்.

கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்
கைப்பேசியைத் திறந்தேன்.
அண்மையில் நீக்கப்பட்டவை.
அதே விரல், நகத்தில் உதிர்ந்த மருதாணி.
கீழே: இன்னும் 27 நாள்.
அதையும் அழித்தேன்.
முகம் கழுவினேன்.
துடைக்கும்போதுதான் உறைத்தது.

தினமும் நள்ளிரவு பன்னிரண்டுக்கு
அன்றைய படங்களையெல்லாம்
வாட்சாப் குழுவுக்கு அனுப்புகிறவன் நான்.
குழுவில் ஒன்பது பேர்.
இரண்டு பேர் வேலையை விட்டு மாதங்களாகின்றன,
குழுவை விடவில்லை.
ஒருவன் இப்போது எங்கே வேலை செய்கிறான் என்றுகூடத் தெரியாது.
‘எல்லாருக்கும் அழி’ என்பதைத் தேடினேன்.
அதற்கான நேரம் கடந்திருந்தது.

மேலே தள்ளித் தள்ளிப் போனேன்.
அந்த மழை இரவு, அந்தப் படம்.
அவள் கேட்ட இரண்டு கோடு
அதன் ஓரத்தில் இருந்தது,
நீல நிறத்தில்.